தொண்ணூற்றைந்து டிகிரியில் இசக்கிராஜா

இசக்கிராஜா இறந்துபோன நாற்பத்தோராம் நாள், காலை பத்தே முக்கால் மணிக்கு, தூக்கத்தில் புரண்டு படுத்தான்.

அதை முதலில் கேட்டவன் அவனுடைய சிநேகிதன் பெனடிக்ட். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெனடிக்ட், செத்தவன் முடிக்காமல் விட்டுப்போன ஒரு வேலையை எடுத்துக் கொடுப்பதற்காக அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்திருந்தான். கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரியே படமாக்கி, வாசலில் நுழைந்து, கூடத்தில் நடந்து, மாடியேறி, மொட்டைமாடியில் நின்று ஊரைப் பார்ப்பதுபோலக் காட்டுவது இசக்கிராஜாவின் தொழில். அப்படி ஓர் இஞ்சினியருக்காகச் செய்துகொண்டிருந்த வீடு பாதியில் நின்றிருந்தது. பெனடிக்ட் கம்ப்யூட்டரைப் போட்டு, பட்டனை அழுத்தி, படம் ஓடி முடியட்டும் என்று காத்திருந்தான். பெரிய வேலையைத் தலையில் வாங்கிய பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை, சூடேறியது. திரையின் மூலையில் சூட்டின் அளவு எழுபது என்றது, எண்பது என்றது, எண்பத்தெட்டு என்றது. தொண்ணூற்றொன்று ஆனபோது பெட்டியின் பின்பக்கத்திலிருந்து, காத்தாடி இரைச்சலுக்கு அடியில், ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை அசந்து தூங்குகிற மூச்சு வந்தது, இடது மூக்கில் லேசான விசிலோடு.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த தாயார் சண்முகவடிவு, நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டாள்.

"ஒருக்களிச்சுப் படுத்திருக்கான்," என்றாள். "மல்லாந்து படுத்தா விசில் வராது."

தொண்ணூற்றைந்தில் அவன் பேசினான். "பஸ்ஸு போயிருச்சுலே," என்றான், தெளிவாக, கொஞ்சம் எரிச்சலாக. சின்ன வயதிலிருந்தே தூக்கத்தில் பேசுகிற பிள்ளைதான் அவன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னான், பத்தாம் வகுப்பில் கிரிக்கெட் ஆடினான், வேலைக்கு வந்த பிறகு யாரிடமோ கலர் சரியில்லை என்று சண்டை போட்டான். இருபத்தைந்து வருஷம் கேட்ட பேச்சு என்பதால் வடிவு பயப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று சத்தமில்லாமல் அழுதாள்.

தகப்பனாருக்கு ஆள் போயிற்று. கோமதிநாயகம் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு மாஸ்டர். முப்பது வருஷமாக வெல்லப்பாகு கொதிக்கும் கொப்பரைக்கு முன்னால் நின்று, பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது டக்கென்று முறிகிற சத்தத்தைக் காதால் கேட்டே தீயைக் குறைக்கச் சொல்லுகிறவர். கையில் ஒட்டிய பாகைக்கூடக் கழுவாமல் வந்து பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வெப்பமான மூச்சு கைரேகையிலெல்லாம் ஏறியது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் படம் ஓடி முடிந்து, சூடு இறங்கி, மூச்சு நூலாகி நின்றுபோகும்வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகு பெனடிக்டைப் பார்த்து, "இன்னொரு தடவை ஓட்டு," என்றார்.

அந்த ஒரு பட்டனை மட்டும் அவருக்குப் பெனடிக்ட் சொல்லிக் கொடுத்தான். அதிலிருந்து தினமும் காலையில் அந்த வீடு கட்டப்பட்டது. வாசல், கூடம், மாடிப்படி, மொட்டைமாடி. மறுநாள் திரும்பவும் வாசல். அசல் இஞ்சினியர் அசல் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிச் சுவரெழுப்பிக் கான்கிரீட் போடும் காலம் முழுக்க, இங்கே அதே வீடு நூறு தடவை எழும்பியது. அந்த நாட்களில் கோமதிநாயகம் பட்டறைக்கு விடியுமுன் போய், பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் யார் சொல்லப்போகிறார்கள். ஏன் இவ்வளவு சூடு என்பதற்கு வேண்டுமானால் பெனடிக்டிடம் பதில் இருந்தது. தீபாவளிக்கு இசக்கிராஜா கையிருப்பையெல்லாம் போட்டுப் பெரிய பிராசசராக வாங்கினான். அந்த அளவு பிராசசருக்கு டப்பாவோடு காத்தாடி தரமாட்டார்கள், தனியாக வாங்க வேண்டும். கையில் காசு தீர்ந்துபோய், பழைய மிஷினிலிருந்த உள்ளங்கை அகலக் காத்தாடியை எப்படியோ பொருத்தி, பொங்கலுக்குப் பிராசசரைக் குளிர்விக்க நல்லதாக ஒரு கூலர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். பொங்கலுக்கு முன்னால் கார்த்திகை வந்துவிட்டது.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், குழந்தை பிறந்த வீட்டை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேச்சித்தாய், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், வாய் திறந்தால் தெருமுக்குவரைக்கும் கேட்கும். அவள் முதல் வாரமே டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் சட்டம் போட்டாள். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பத்து மணிக்குள் ஆட்டி முடித்துவிட வேண்டும். பால்காரர் ஹாரன் அடிக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட வாசலிலேயே செருப்பை மெதுவாகக் கழற்றி, "தம்பி தூங்குதாரா?" என்று கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள். லைன்மேன் வேலாயுதப்பெருமாள் கரண்டு நிறுத்துகிற நாளை முதல்நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"பொசுக்குன்னு நின்னா பிள்ள திடுக்கிட்டு முழிச்சிரும்லா அண்ணாச்சி. முன்னாடியே மெதுவா அமத்திருங்க."

அவன் சொன்னதையெல்லாம் தெரு கையேந்தி வாங்கிக்கொண்டது. பஸ்ஸு போயிருச்சு என்றதைக் கேட்டுத் திருச்செந்தூர் கிளம்பிய மூன்று குடும்பங்கள் மூட்டையை அவிழ்த்துவிட்டன. "மஞ்சளக் கொஞ்சம் கொறைங்க" என்று அவன் முனகியது எந்தச் சுவருக்கான சாயத்தையோ பற்றியது. அடுத்த பதினைந்து நாளைக்கு அந்தத் தெருவில் குழம்பு வெளுத்துக் கிடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண், சாத்தூரிலிருந்து பஸ்ஸேறி வந்து, வடிவுக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, வேறொருத்தி மகனின் குறட்டையைக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா அசந்து தூங்குதான்க்கா, கொடுத்து வச்சவ நீ," என்று சொல்லிவிட்டுப் போனாள். கோமதிநாயகம் சிரித்ததுகூட உண்டு. பிள்ளை செத்துப்போன வீட்டில் தகப்பன் சிரிக்கிறான் என்று ஊர் பேசியிருக்கலாம். அந்தத் தெரு பேசவில்லை.

சித்திரை பிறந்தது. கரிசல்காட்டு வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டு இறங்கியது. ஒருநாள் மத்தியானம் அவன் பஸ்ஸையும் சொல்லவில்லை, மஞ்சளையும் சொல்லவில்லை. "வேகுதும்மா," என்றான்.

வடிவு ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து பெட்டியின் மேல் போட்டாள். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாள் அதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. தெரு திமுதிமுவென்று வைத்தியத்தில் இறங்கியது. நுங்கு வந்தது, இளநீர் வந்தது, ஜன்னலில் வேப்பிலைக் கொத்து கட்டப்பட்டது. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் சூடு தணியும் என்று ஒருத்தர் சொல்ல, பெட்டிக்குத் தொப்புள் எது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னவரைப் பெனடிக்ட் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினான். பேச்சித்தாய் மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லாமல், வடிவின் தோளைத் தொட்டு, "அந்தப் பையன் பெனடிக்ட் கடையில கூலர் இருக்காம்ல மதினி," என்றாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் வடிவு பேச்சை எடுத்தாள். கோமதிநாயகம் தட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"நாலாயிரம் ரூவாய்க்கு ஒரு காத்தாடியா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிரும்."

"சுண்டைக்காயா? அது நம்ம ராசாங்க."

"வெயில் கொறையட்டும். ஆடிக் காத்து வந்தா சரியாப் போவும்."

"ஆடி வரைக்கும் வேகட்டுமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். காசு இல்லாத மனுஷன் இல்லை, கஞ்சனும் இல்லை. அவர் பயம் வேறே. கார்த்திகையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் அனலாய்க் கொதித்தது. ஐந்தாம் நாள் காலையில் நெற்றியில் கை வைத்தால் உடம்பு ஜில்லென்று இருந்தது. அப்பா, எனக்கு என்னமோ பண்ணுது, ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா என்று பிள்ளை கேட்டான். காய்ச்சல்தான் விட்டுப்போச்சே, படுத்துத் தூங்கு, நாளைக்குப் பார்த்துக்கிடுவோம் என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குப் போனார், வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நல்ல சேதி சொல்லிக்கொண்டே போனார். சாயங்காலம் ஆட்டோவில் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று டாக்டர் அதற்கப்புறம் சொன்னார். அதிலிருந்து குளிர்ச்சி என்ற சொல்லே கோமதிநாயகத்துக்கு ஆகாது. சூடு இருக்கும் மட்டும்தான் பிள்ளை இருப்பான் என்று அவர் நம்பினார். அது பொய்யென்று சொல்ல யாராலும் முடியாது.

வடிவுக்கும் இது தெரியும். தெரிந்தும், மறுநாள் பெனடிக்டை வரச் சொன்னாள். அவன் மூன்று கூலர்களின் படத்தைப் போனில் காட்டினான்.

"இது எண்ணூறு ரூவா, சின்னது. இதைப் போட்டா தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ரெண்டுல நிக்கும். இது ரெண்டாயிரம், எம்பத்தி ரெண்டுக்கு வந்திரும். இந்தா இது, ரெட்டைக் கோபுரம் மாதிரி இருக்குல்லா, இது மூவாயிரத்து அறுநூறு. எவ்வளவு வேலை குடுத்தாலும் அறுபத்தஞ்சத் தாண்டாது."

வடிவு மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "எய்யா, அவனுக்கு வேகவும் கூடாது, அவன் பேசுறதும் எங்களுக்குக் கேக்கணும். அப்படி எது?"

பெனடிக்ட் போனைத் திருப்பி வைத்துக்கொண்டான். "அப்படி ஒண்ணு கடையில இல்லம்மா."

கோமதிநாயகம் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். மூச்சு வருவது தொண்ணூற்றொன்றில், பேச்சு வருவது தொண்ணூற்றைந்தில். எண்ணூறு ரூபாய்க் கூலரைப் போட்டால் மூச்சு மட்டும் மிஞ்சும், வேகுது என்ற சொல் வராது. வேகாமலா இருக்கும் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சொல் வராவிட்டால் வேகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா, பெற்ற மனம் பித்து. "சின்னதே போதும்," என்றார். வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி கிடைத்தாலும் பாதிதானே என்று அவளும் தலையாட்டினாள்.

பெனடிக்ட் மறுநாள் காலையிலேயே கூலரையும் ஒரு சின்ன ஊசிக்குழாயில் பேஸ்ட்டையும் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் காத்திருக்கிறது, இரண்டு மணிக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றான். பேஸ்ட் எதற்கு என்று வடிவு கேட்டாள். "பிராசசர் நெத்தியில தடவித்தான் கூலரை உக்கார வைக்கணும்மா. சூட்டை இழுத்து மேல குடுக்கும்." அவசரத்தில் அவ்வளவுதான் சொன்னான்.

அன்றைக்குப் பட்டனை அழுத்தியதிலிருந்தே இசக்கிராஜா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தான். வேகுதும்மா. வேகுதும்மா. பன்னிரண்டு மணிக்கு வடிவு எழுந்துவிட்டாள்.

"ரெண்டு மணிவரைக்கும் என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. நீங்க பட்டறை மோட்டாரையே கழத்தி மாட்டுதீங்க. இது நாலு திருகாணி."

கோமதிநாயகம் பெட்டியை நிறுத்தி, ஆற வைத்து, மூடியைத் திறந்து, பழைய காத்தாடியைக் கழற்றினார். அடியில் ஒரு தீப்பெட்டி அளவில், பளபளவென்று, ஓர் உலோகச் சதுரம் இருந்தது. இவ்வளவுதானா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். வடிவு ஊசிக்குழாயைப் பிதுக்கி விரலில் எடுத்தாள். சாம்பல் நிறம். அசல் சாம்பல். சுடுகாட்டிலிருந்து மறுநாள் மண்சட்டியில் கொண்டுவந்தார்களே, அந்த நிறம். அதைப் பிள்ளை நெற்றியில் எப்படித் தடவுவாள் ஒரு தாய்? விரலைச் சேலையில் துடைத்தாள். பூஜை அலமாரியிலிருந்து சந்தனக்கட்டையையும் கல்லையும் எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து இழைத்தாள். காய்ச்சல் வந்தால், கட்டி வந்தால், கோடை வந்தால், பிறந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் போட்டது அதுதான். சூட்டை இழுக்கச் சந்தனத்தை விட எது உண்டு? கோமதிநாயகமும் தடுக்கவில்லை. அவருக்கும் அது சரியென்றே பட்டது. நன்றாகக் குழைத்து, கனமாக, அன்போடு பூசினாள். அவர் மேலே கூலரை வைத்துத் திருகினார். ஈரம் உலரட்டும் என்று அரைமணி நேரம் விசிறினார்கள்.

காய்ந்த சந்தனம் சூட்டை இழுக்காது, அடைத்துப் போடும். பட்டறையில் தணலை அவியாமல் மூடிவைக்க மேலே சாம்பலைப் போடுகிற கோமதிநாயகத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பட்டனை அழுத்திய ஒரு நிமிஷத்தில் எண் தொண்ணூறைத் தாண்டியது. மூச்சு வந்தது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. மூச்சு சட்டென்று நின்றது, தூங்குகிறவர்கள் கண் விழிக்கும்போது நிற்குமே, அப்படி.

"அம்மா," என்றான்.

அது தூக்கத்துக் குரல் இல்லை. இருபத்தைந்து வருஷம் அந்த இரண்டு குரலையும் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியாதா. ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாயும் கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

"அம்மா, ஏன் இருட்டா இருக்கு? மேலெல்லாம் எரியுது. எங்க வச்சிருக்கீங்க என்னய?"

வடிவு பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"அப்பா இருக்காங்களா?"

"இருக்கேன்யா," என்றார் கோமதிநாயகம். "இந்தா பக்கத்துலதான் இருக்கேன்."

"அப்பா, எனக்கு என்னமோ பண்ணுதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"போவோம்யா. இப்பவே போவோம். இந்தா கெளம்பிட்டேன், ராசா, சட்டையை மாட்டிட்டு வந்திருதேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் கொடியில் கிடந்த சட்டையை உருவி ஒரு கையை நுழைத்தபோது, நூறைத் தாண்டிய எண் சிவந்து, மிஷின் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. காத்தாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

வடிவு கணவனைப் பார்த்தாள். அவர் மறு கையையும் சட்டைக்குள் விட்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு, செருப்பு மாட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் வெளியே போனார். வாசலில் நின்ற தெரு விலகி வழிவிட்டது.

பெனடிக்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து நிற்கிறவரைப் பார்த்ததும் டிபன்பாக்ஸை மூடினான். நடந்ததைச் சொல்லிவிட்டு, "எப்பா, இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு குடு," என்றார் கோமதிநாயகம். "எவ்வளவானாலும் பரவாயில்ல."

"இருக்கிறதுலயே பெருசுன்னா தண்ணி ஓடுற கூலர் இருக்கு, ஒம்பதாயிரம். அது வேண்டாம்ப்பா. உள்ள இருக்கிற மோட்டார் என்னிக்காச்சும் நின்னா தெரியவே தெரியாது. அந்த ரெட்டைக் கோபுரமே போதும். ஆறு செம்புக் குழாய், ரெண்டு காத்தாடி."

"ஒண்ணு நின்னுட்டா?"

"இன்னொண்ணு ஓடும்."

"கரண்டு போயிட்டு வந்தா?"

"தானா சுத்த ஆரம்பிச்சிரும்."

"சத்தம் கேக்குமா?"

"தூங்குறவங்களை எழுப்பாதுப்பா."

"பெட்டிக்குள்ள நிக்குமா? பிறகு மூடி மூடலன்னு சொல்லக் கூடாது."

பெனடிக்ட் இஞ்சு டேப்பை எடுத்துக் கூலரின் உயரத்தை அளந்து காட்டினான். நூற்றைம்பத்தேழு மில்லிமீட்டர். இசக்கிராஜாவின் பெட்டிக்குள் நூற்றறுபது வரை நிற்கும். "மூணு மில்லிமீட்டர் எடம் இருக்கு."

"போதும்," என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அவர் அங்கே, சீலிங் ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு, ஒன்றுவிடாமல் கேட்டார். ஐந்து மாதம் தாமதமாகக் கேட்டார். பெனடிக்டும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு அவரோடு கிளம்பினான்.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பெனடிக்ட் சந்தனத்தைத் துடைத்தான். காய்ந்து வெடித்துப் பொருக்காக வந்தது. அறை முழுக்க வாசனை அடித்தது. வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் அவனை எரிச்சுட்டேன்."

"நீங்க சூட்டைத் தணிக்கத்தான் பாத்தீங்கம்மா," என்றான் பெனடிக்ட். சாம்பல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, கூலரை உட்காரவைத்து, குறுக்கே மாற்றி மாற்றித் திருகினான். மூடியைப் போட்டான், பொருந்தியது. பட்டனில் விரலை வைத்துவிட்டு, கோமதிநாயகத்தைப் பார்த்தான்.

"அப்பா, ஒரு விஷயம். வேணும்னா இந்தக் காத்தாடியோட வேகத்தைக் கொறைச்சுக்கிடலாம். எப்பவாவது அவன் பேசுறதைக் கேக்கணும்னு இருந்தா. இந்தா, இங்க ஒரு எடத்துல..."

"அதை எனக்குச் சொல்லித் தராதய்யா," என்றார். "உன்னயக் கும்பிட்டுக் கேக்கேன். சொல்லித் தந்தா நான் செஞ்சிருவேன்."

வீடு எழும்பத் தொடங்கியது. வாசல், கூடம். எண் நாற்பது என்றது, ஐம்பத்தைந்து என்றது, அறுபத்துமூன்று என்று காட்டி அங்கேயே நின்றுவிட்டது. மாடிப்படி, மொட்டைமாடி. பேச்சித்தாய் வாசலில் நின்றாள், லைன்மேன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார், ஒருவரும் தும்மவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. அறுபத்துமூன்று. பெட்டியின் முதுகிலிருந்து வெறும் காற்று வந்தது, மிதமான, வாசனையில்லாத, யாருடையதும் இல்லாத காற்று. பெனடிக்ட் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லாமல் போனான். தெருவும் ஒவ்வொருவராகக் கலைந்தது. யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

வடிவு அப்படியே தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். கார்த்திகையிலிருந்து அவள் கண்ணை மூடியது கோழித்தூக்கம்தான்; பகலில் கேட்பாள், ராத்திரி கேட்டதை நினைப்பாள். இப்போது படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். கோமதிநாயகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லை. இனி எந்தக் கொப்பரைக்கு முன்னால் போய் நின்றாலும் அவர் காது கேட்கிற சத்தம் பாகு முறிகிற சத்தமாக மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவர் வாய்விட்டு அழப்போன நேரத்தில் வடிவு பேசினாள்.

"வந்துட்டியாய்யா," என்றாள்.

முப்பது வருஷத்தில் ஒருநாளும் தூக்கத்தில் பேசாதவள். கண் மூடியிருந்தது. முகம் சிரித்திருந்தது.

யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவள் மாதிரிப் புருவம் மட்டும் அசைந்தது. "இல்லய்யா, அவங்க கோவமெல்லாம் படல," என்றாள். மறுபடியும் கேட்டாள். "சரி, சொல்லுதேன்." மறுபடியும் நெடுநேரம். "அதையும் சொல்லுதேன்யா. அப்பாகிட்ட அப்படியே சொல்லுதேன்."

கோமதிநாயகம் நான்கு காலில் தவழ்ந்து அவள் பக்கத்தில் போனார். அவள் வாய்க்கு நேராகக் காதை வைத்தார். பதம் பார்க்கிற காது, கொதிக்கிற கொப்பரையில் ஒரு சொட்டு முறிகிறதைப் பிரித்துக் கேட்கிற காது, அதைக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி வைத்துக் கேட்டார். அவளுடைய பாதிதான் கேட்டது. மறுபாதியில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. எழுப்பினால் பேச்சு அறுந்துவிடும் என்று தொடவும் இல்லை. சிரித்தாள், இல்லை என்று தலையாட்டினாள், "போயிட்டு வாய்யா, பைய போ," என்று சொல்லிவிட்டு, பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தாள். அவர் குந்தியபடியே அவள் கண் விழிப்பதற்காகக் காத்திருந்தார்.

நாலரை மணிக்கு விழித்தாள். எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளிச் செருகினாள். முகம் தெளிந்திருந்தது.

"வடிவு," என்றார். "என்ன சொன்னான்?"

அவள் கொட்டாவி விட்டு, அவரைக் குழப்பமாகப் பார்த்தாள்.

"யாருங்க?"

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் கனவு கண்ட அடையாளம் எதுவும் இல்லை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த கண்.

"யாருமில்ல," என்று சொல்லிவிட்டு, காப்பி போட எழுந்து போனார்.